சிவப்பு மையில் எழுதின சுரங்கள்

பாளையங்கோட்டை
1910 ஆகஸ்டு 9

லியோன் தம்பிக்கு,

கர்த்தர் இந்த வீட்டுல யாரையும் காய்ச்சல்ல போடாம வச்சிருக்காரு. உங்க வீட்டுலயும் அப்படியே இருக்கணும்.

நீங்க நகல் எடுத்த ருஷ்யப் பியானோப் பாட்டு, ஆறாம் உருப்படி, நேத்து வந்து சேந்தது. தாளெல்லாம் உப்பு வாடை. கப்பல்ல வச்சே பாத்து எழுதினீங்களா? மேல இருக்க ருஷ்ய எழுத்துத் தலைப்பையும் கோலம் மாதிரி அப்படியே வரஞ்சு அனுப்பியிருக்கீங்க. உங்களுக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது, பின்ன எதுக்கு இந்தப் பாடு? ஆறாம் உருப்படின்னு நாம வச்ச பேரு போதும்.

எப்படி இருந்ததுன்னு கேப்பீங்க. இடது கை ரெண்டு சுரத்துக்கு நடுவுலயே போய்ப் போய் வருது, கிணத்துல கமலை இறைக்கிற மாடு போய் வாரது போல. வலது கை ரொம்ப நேரம் பேசாம இருக்கு. பிறகு ஒரு சொல்லு சொல்லுது. சொன்ன கையோட, சொல்லியிருக்க வேண்டாமேன்னு பின்வாங்குது. மூணாம் தடவை வாசிக்கும்போது என் பேத்தி சாலோமி வந்து, "ஏன் ஆச்சி, ஆரும் செத்துட்டாங்களா?"ன்னு கேட்டா. பிள்ளைக்குக் காது இருக்கு. பொறுமைதான் இல்ல.

சிவப்பு மையில நீங்க மாத்தி எழுதின இடமெல்லாம் சரி. அமுக்கினா சத்தம் வராத ஊமைக் கட்டை ஒன்பதையும் தொடாமலே போயிட்டேன். இந்த ஒன்பது சங்கதி உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான். எனக்கு வாசிக்கக் கத்துக் குடுத்த மிஷன் மிஸ்ஸம்மா சீமைக்குத் திரும்பும்போது, வேற ஆருக்கும் குடுக்காம எனக்குன்னு குடுத்துட்டுப் போன பியானோப் பொட்டி இது. கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல வச்சுக் காப்பாத்தினேன். கரையான் செவரு வழியா வந்து உள்ள கம்பியைத் தட்டுற மரச்சுத்தியலைத் தின்னுட்டு. அஞ்சாம் வகுப்பு படிச்சவளுக்கு எதுக்குப் பியானோன்னு சொன்னவங்க இன்னும் இந்தத் தெருவுலதான் இருக்காங்க. அஞ்சாம் வகுப்புதான். ஆனா அஞ்சு கோட்டுல எழுதின சுரத்தை வாசிக்கத் தெரிஞ்சவ இந்தக் கோட்டைக்குள்ள என்னை விட்டா யாரு?

சாத்தான்குளம் வேதமுத்து வாத்தியாருக்கும் ஒரு நகல் எடுத்து அனுப்புதேன். உங்களை எனக்கு அறிமுகம் பண்ணி வச்ச மனுசன். நாம மூணு பேரும்தான் இந்தச் சீமையில ருஷ்யப் பைத்தியம். எப்பவும் போல முத்துமாலை அண்ணாச்சி கடை விலாசத்துக்கே எழுதுங்க. வீட்டுக்கு வந்தா என் மகன் கேள்வி கேப்பான்.

சாரம்மாள்

*

தூத்துக்குடி
1911 மார்ச் 20

சேசு மரி சூசை துணை

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

மண்ணெண்ணெய் கொண்டுவந்த ருஷ்யக் கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. சரக்குக் கணக்கு எழுத நான் கம்பெனி லாஞ்சிப் படகில் போய் வருகிறேன். எஞ்சினீயருடைய மனைவியும் கப்பலில் இருக்கிறாள். அவளுக்கு அங்கே ஒரு சின்னப் பியானோ. வழக்கம் போல ஜாடையில் கேட்டேன்: சுரப் புஸ்தகத்தை இரவல் கொடு, கப்பல் கிளம்புமுன் எழுதிக்கொண்டு தருகிறேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். புஸ்தகத்தை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். திருப்பித் தர வேண்டாமாம். அம்மா, அச்சடித்த புஸ்தகம் ஒன்று முதல்முதலாக நமக்குச் சொந்தமாகியிருக்கிறது.

அதிலிருந்து ஏழாம் உருப்படியை நகல் எடுக்கிறேன். நெருக்கமான எழுத்து. உங்கள் ஊமைக் கட்டைகள் வரும் இடமெல்லாம் யோசித்து யோசித்துச் சிவப்பில் மாற்ற வேண்டியிருக்கிறது. மரியம்மாள் கேலி செய்கிறாள். "ஊர்ல புருசன்மாரு கள்ளுக்குப் போறாங்க. எனக்கு வாய்ச்சது கேக்காத பாட்டை எழுதிக்கிட்டு உக்காந்திருக்கு" என்கிறாள்.

அவள் சொல்வதில் பொய்யில்லை. நான் வாசிக்கும் கோயில் ஆர்மோனியத்தில் இதெல்லாம் அடங்காது. அடங்கினாலும் சாமியார் விடமாட்டார். ஆறு உருப்படி எழுதியிருக்கிறேன், ஒன்றைக்கூட என் காதால் கேட்டதில்லை. நீங்கள் எழுதுவதைப் படித்துத்தான் கேட்கிறேன். கமலை மாடு என்றீர்கள். மேட்டில் ஏறும்போதா, இறங்கும்போதா? அதை நீங்கள் எழுதவில்லை. எட்டு மாதமாக யோசிக்கிறேன்.

ஈஸ்டர் கழித்து ஒரு நாள் வரட்டுமா என்று போன வருஷமும் கேட்டேன். வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போகிறேன். தண்ணீர்கூட வேண்டாம்.

லியோன்

*

பாளையங்கோட்டை
1911 மே 12

லியோன் தம்பிக்கு,

வாசல்ல நின்னுட்டுப் போறதுக்கு நீங்க என்ன பால்காரரா? என் வீட்டுக்கு வாரவங்க உள்ள வந்து உக்காந்து சாப்பிட்டுத்தான் போவாங்க. அப்படி உக்கார வைக்க முடியாததாலதான் வாங்கன்னு எழுதாம இருக்கேன்.

மறைக்க என்ன இருக்கு. என் மகன் இஸ்ரவேல் கொக்கிரகுளத்துல கலெக்டர் கச்சேரிக் குமாஸ்தா. "ஒரு ரோமான் கத்தோலிக்கன், துறைமுகத்து ஆளு, நம்ம வீட்டுல வந்து பாட்டு கேக்கணுமாக்கும்? யம்மா, களக்காட்டுச் சம்பந்தம் முடியட்டும், அதுவரைக்கும் எனக்கு ஊர்ப் பேச்சு வேண்டாம்"ங்கான். சாலோமிக்குக் களக்காட்டுல மாப்பிள்ளை பேசியிருக்கு. வாத்தியார் உத்தியோகம், வயக்காடு இருக்கு. அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்ல. நான் கண்ணை மூடுமுன்ன அவளை ஒரு வீட்டுல சேக்கணும். செப்டம்பர் இருபதாம் தேதி கலியாணம். மறு வாரமே வாங்க. நல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சு ஏழையும் வாசிக்கேன்.

மாடு இறங்கும்போது. ஏறும்போது இல்ல.

பொட்டி நல்லாத்தான் இருக்கு. ஊமைக் கட்டை ஒன்பதுக்கு மேல போகல.

சாரம்மாள்

*

தூத்துக்குடி
1911 ஜூன் 26

சேசு மரி சூசை துணை

அம்மாவுக்கு,

ஏழாம் உருப்படி வந்து சேர்ந்ததா? பதினேழாம் தேதி சனிக்கிழமை காலையில்தான் தபாலில் போட்டேன். அன்றைக்குத்தான் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரையைச் சுட்டார்கள். என் பார்சலும் அந்த வழியாகத்தானே போக வேண்டும்.

இங்கே வீடு வீடாகப் போலீஸ் சோதனை நடக்கிறது. அச்சடித்த நோட்டீஸ், வெளிநாட்டுக் காகிதம், எதைக் கண்டாலும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். எங்கள் கம்பெனியில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவன் திரும்பி வந்துவிட்டான். "ருஷ்யான்னாலே குண்டுதாம்லே" என்று அவனிடம் சொன்னார்களாம்.

அந்தப் புஸ்தகம் என் பெட்டிக்குள் இருக்கிறது. மரியம்மாள் அடுப்பில் போடச் சொல்லி அழுகிறாள். எனக்குக் கை வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், எரித்துவிடவா?

லியோன்

*

பாளையங்கோட்டை
1911 ஜூலை 3

தம்பிக்கு,

பார்சல் வரல. அண்ணாச்சி கடையில தினமும் ஆள் விட்டுக் கேக்கேன்.

வேதமுத்து வாத்தியார் தன்கிட்ட இருந்த ஆறையும் வெந்நீர் அடுப்புல போட்டுட்டாராம். "அக்கா, நான் பிள்ளைகுட்டிக்காரன்"னு ஒரே வரி எழுதியிருந்தாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? ஆனா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

நான் என்னுடையதைத் தலையணைக்குள்ள வச்சுத் தச்சுட்டேன். நீங்க எரிக்காதீங்க. கடலுக்கு அங்கிட்டு இருந்து வந்தவ உங்க கையில வச்சு மூடினது. சுரம் எழுதின புஸ்தகத்தைப் பாத்தா சுரம்னு தெரியாதா? துரைமாரு ஊர்லயும் பியானோ உண்டுமே. பயப்படாதீங்க.

சாரம்மாள்

*

1911 ஆகஸ்டு 6

அம்மாவுக்கு,

என்னைக் காவலில் வைத்திருப்பது எந்த ஊர் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. என் மச்சான் பிடித்த வக்கீலின் குமாஸ்தா இதை அண்ணாச்சி கடையில் கொடுப்பார்.

ஜூலை பத்தாம் தேதி போலீசார் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் கடிதங்களை மரியம்மாள் முன்னமே அடுப்பில் போட்டுவிட்டதால் உங்கள் பெயர் அவர்கள் கையில் சிக்கவில்லை. புஸ்தகம் பெட்டியில் இருந்தது. தபாலில் போன நகலை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். நீங்கள் சொன்னது சரி, சுரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சுரம் தெரிந்த ஒருவரை வைத்து ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் வினை. சிவப்பு மை இருக்கும் இடத்திலெல்லாம் நகல் அச்சோடு ஒத்துப்போகவில்லை. "பாட்டை நகல் எடுக்கிறவன் எதுக்குலே சுரத்தை மாத்துதே? சிவப்புல என்ன சேதி எழுதியிருக்கே?" இதைத்தான் கேட்கிறார்கள். காலையிலும் கேட்கிறார்கள், மாலையிலும் கேட்கிறார்கள்.

சில கட்டைகள் ஊமையான ஒரு பியானோவுக்காக மாற்றினேன் என்று சொன்னேன். யார் வீட்டுப் பியானோ என்றார்கள். சொல்லவில்லை. பார்சல் விலாசத்தில் இருந்த முத்துமாலை அண்ணாச்சியும் தெரியாது என்று சொல்லிவிட்டாராம்.

அம்மா, உங்களுக்கு இது பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் வந்து, அது என் வீட்டுப் பியானோதான், அந்தக் கட்டைகள் ஊமைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

லியோன்

*

பாளையங்கோட்டை
1911 ஆகஸ்டு 14

தம்பிக்கு,

நாலு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன்.

கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. களக்காட்டுக்காரங்க ரொம்பப் பயந்த சனம். இந்தக் கேசுல என் பேரு வந்தா மறு நாளே தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிருவாங்க. இஸ்ரவேல் வேலை பாக்கது எந்தக் கச்சேரியிலன்னு உங்களுக்குத் தெரியும். சுட்டது அந்தக் கச்சேரித் துரையை. அங்கன அவன் தாயார் பேரு ருஷ்யக் காகிதத்தோட வந்தா அவன் கதி என்ன?

பொட்டி சங்கதியும் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் உக்காந்திருக்க இடம் உங்களுக்குத் தெரியாது. முன் வரிசை. அது எதனாலன்னு நினைக்கீங்க? பொட்டி ஊமைன்னு தெரிஞ்சா அந்த இடம் எனக்கு ஏது?

கொழும்புல ஒரு வீட்டுப் பியானோன்னு சொல்லிப் பாருங்களேன். அம்புட்டுத் தூரம் போய் ஆரு பாக்கப் போறா? செப்டம்பர் இருபது கழியட்டும். அதுக்குப் பிறகு நானே வாரேன். கர்த்தர் மேல ஆணையிடக் கூடாது, இல்லாட்டா இட்டிருப்பேன்.

மரியம்மாளுக்கு அரிசி குடுத்து விட்டிருக்கேன்.

சாரம்மாள்

*

1911 செப்டம்பர் 2

அம்மாவுக்கு,

கொழும்பு என்று சொன்னேன். வீட்டு விலாசம் கேட்டார்கள். வாயில் வந்த ஒரு தெருவைச் சொன்னேன். தந்தி அடித்து விசாரித்தார்கள். அப்படி ஒரு வீடு இல்லை என்று பதில் வந்தது. ஒரு பொய் சொன்னவன் எல்லாமே பொய் சொன்னவன் ஆகிவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததை எழுத முடியாது. இதை எழுதுகிறது வக்கீல் குமாஸ்தா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்.

எரித்துவிடவா என்று கேட்டேன். எரிக்காதே என்றீர்கள். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். கொழும்பு என்றீர்கள்.

இனி கேட்கமாட்டேன். பேத்தி நன்றாக இருக்கட்டும். அரிசியை மரியம்மாள் அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

லியோனுக்காக

*

பாளையங்கோட்டை
1911 செப்டம்பர் 10

லியோன் தம்பிக்கு,

வேற ஆள் கையெழுத்துன்னு முதல் வரியிலயே தெரிஞ்சுது. அதுக்கு மேல என்னால வீட்டுக்குள்ள இருக்க முடியல.

இஸ்ரவேல் சாப்பிடும்போது சொன்னேன். முழுக்கச் சொன்னேன். பாதி இலையில எந்திரிச்சுட்டான். "கொக்கிரகுளத்துல நான் எப்படித் தலையைக் காட்ட?"ன்னான். "நீ தலையைக் காட்டாண்டாம், வண்டியைக் கூப்பிடு"ன்னேன். சாலோமி கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தா. நான் செருப்பை மாட்டும்போது குடையைக் கொண்டாந்து கையில குடுத்தா.

உங்களை வச்சு விசாரிக்கிற துரை ஆருன்னு கச்சேரியில இருக்க இஸ்ரவேலுக்குத் தெரியும், அந்தத் துரை பங்களாவுக்குப் போனோம். இஸ்ரவேல்தான் மொழிபெயர்த்தான். "இந்தக் கிழவியா வாசிக்கிறவ?"ன்னு துரை கேட்டான். கிழவிங்கிறதை முழுங்கிட்டு மிச்சத்தைச் சொன்னான் என் மகன். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீசு தெரியும்.

துரைசாணி வீட்டுப் பியானோவுல உக்கார வச்சாங்க. அச்சுப் புஸ்தகத்தை எனக்கு முன்னால விரிச்சு, "உன் வீட்டுல எப்படி வாசிப்பியோ அப்படி வாசி"ன்னாங்க. உங்க நகல் எனக்குப் பின்னால துரைசாணி கையில. சிவப்பு எங்கன எங்கன இருக்குன்னு நான் கண்ணால கண்டதில்ல. ஏழாம் உருப்படியை அன்னைக்குத்தான் முதல்முதலாப் பாக்கேன்.

பைய வாசிச்சேன். அந்தப் பொட்டியில எல்லாக் கட்டையும் பேசும். ஆனா என் விரலுக்கு அது தெரியாதே. ஊமைக் கட்டை வார இடத்துல எல்லாம் அது தன்னால ஒதுங்கிப் பக்கத்துல போய் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பின்னால துரைசாணி பென்சிலால ஒரு கீறு கீறுத சத்தம். நீங்க சிவப்புல எழுதின இடமும் நான் ஒதுங்கின இடமும் ஒண்ணு, தம்பி. உங்களுக்கு என் கையை அம்புட்டுத் தெரிஞ்சிருக்கு.

கடைசிப் பக்கத்துல துரைசாணி "நோ"ன்னா. நான் நிறுத்தினேன். துரை நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டான். அந்த இடத்துல சிவப்பு இல்லையாம், நான் ஏன் ஒதுங்கினேன்னு கேட்டான்.

அது பத்தாவது கட்டை. தை மாசத்துல செத்துது. உங்களுக்கு எழுதல. ஒன்பதுக்கு மேல போகலைன்னுதான் எழுதினேன். எழுதியிருந்தா அங்கயும் சிவப்பு இருந்திருக்கும். அதை அப்படியே சொன்னேன், என் மகன் முன்னால, அந்த வேலைக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கையில. "பத்தா?"ன்னான் இஸ்ரவேல். மொழிபெயர்க்க மறந்துட்டான். நானே விரலைக் காட்டிச் சொன்னேன்: டென்.

துரை சிரிச்சுட்டான். நல்ல வேடிக்கை கேட்ட மாதிரி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. துரைசாணியும் சிரிச்சா. விட்டுருவோம்னு சொல்லிட்டு அவன் டீ குடிக்கப் போயிட்டான். ரெண்டு மாசமா உங்களை வச்சிருந்தது ஒரு சிரிப்புல முடிஞ்சு போச்சு. எனக்கு அங்கனயே அந்தப் பொட்டி மூடியைத் தூக்கி அவன் தலையில போடணும்னு இருந்தது. கர்த்தர் மன்னிக்கட்டும். அவர் மன்னிக்காட்டாலும் சரி.

கலியாணம் ஆகட்டும் ஆகாம போகட்டும், இனிமே நீங்க என் வாசலுக்கு வர வேண்டாம். நான் உங்க வாசலுக்கு வாரேன்.

சாரம்மாள்

*

தூத்துக்குடி
1911 அக்டோபர் 30

பாளையங்கோட்டை சாரம்மாள் அவர்களுக்கு,

நான் விடுதலையாகி வீட்டில் இருக்கிறேன். என்னை யாரும் துன்புறுத்தவில்லை. என் வலது கை விரல்கள் மூன்று கதவிடுக்கில் தற்செயலாக நசுங்கின என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனியில் என் இடத்தில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அதுவும் நியாயமே.

அந்நிய எழுத்துள்ள எந்தக் காகிதத்தையும் இனி வாங்குவதில்லை, வைத்திருப்பதில்லை என்றும், இந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர்களோடு பழகுவதில்லை என்றும் உறுதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வரும் கடிதங்களும் நான் அனுப்பும் கடிதங்களும் உரியவர்கள் பார்வைக்குப் பிறகே போகும். இந்தக் கடிதமும் அவ்வாறே.

புஸ்தகமும் நகலும் உபயோகமற்றவை என்று அழிக்கப்பட்டதாகத் தெரிவித்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தாங்கள் என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லி. பர்னாந்து
(கையெழுத்து இடது கையால்)

*

பாளையங்கோட்டை
1911 நவம்பர் 5

இதை முதல்ல பிரிச்சுப் படிக்கிற ஐயாவுக்கு,

நான் சாரம்மாள், வயசு அம்பத்தெட்டு, படிப்பு அஞ்சாம் வகுப்பு. இதுல சிவப்பு மை கிடையாது, பாத்துக்கிடுங்க. ருஷ்ய எழுத்தும் கிடையாது. படிச்சு முடிச்சதும் உரியவர் கையில குடுத்துருங்க. உங்களுக்கும் ஒரு தாயார் இருப்பாங்க.

லியோன் தம்பிக்கு,

உங்க கடுதாசி அண்ணாச்சி கடைக்கு வந்த அன்னைக்கு நான் தூத்துக்குடி ரயில்ல இருந்தேன். முந்தியே வந்திருந்தா நின்னிருப்பேனோ என்னவோ. தெரியாது.

களக்காட்டுல இருந்து தாம்பூலம் திரும்பி வந்துட்டு. நீங்க கேக்க முந்தி நானே சொல்லிட்டேன். சாலோமி அழுதா. பிறகு அழல. என்கிட்டப் பேசுதா, தேவைக்குப் பேசுதா. இஸ்ரவேலை வேற தாலுகாவுக்கு மாத்திட்டாங்க. தை பிறந்ததும் எல்லாரும் அங்க போறோம். ஞாயித்துக்கிழமை நான் பின் வரிசையில உக்காருதேன். ஆரும் எந்திரின்னு சொல்லல. நானாத்தான் போய் உக்காந்தேன்.

உங்க தெருவைக் கண்டுபிடிக்கக் கஷ்டமா இல்ல. உங்க பேரைச் சொன்னதும் எல்லாரும் கையை மட்டும் காட்டினாங்க. கதவைத் தட்டினேன். மரியம்மாள்னு நினைக்கேன், சன்னல் வழியா "ஆரு?"ன்னு கேட்டா. பாளையங்கோட்டை சாரம்மாள்னு சொன்னேன். சன்னலைச் சாத்திட்டா. பிறகு உள்ள தாழ்ப்பாளும் போட்டா. அவ செஞ்சது சரி. என் வீட்டுக்கு இப்படி ஒருத்தி வந்திருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

வெயிலா இருந்தது. கொஞ்ச நேரம் அங்கனயே நின்னேன். எதிர்த் திண்டுல உக்காந்திருந்த போலீசுக்காரன், "யம்மா, திறக்க மாட்டாங்க, போங்க"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான்.

அப்ப உள்ள ஒரு இருமல் கேட்டது. ஆம்பளை இருமல். ரெண்டு தடவை இருமிட்டு, மூணாவதை வாய்க்குள்ளயே அடக்கினது கேட்டது. நான் வெளிய நிக்கது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இத்தனை வருசத்துல உங்க கையெழுத்தை மட்டும்தான் பாத்திருக்கேன். உங்க குரலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இனிமேத் தெரியப் போறதும் இல்ல. அந்த இருமலைக் கேட்டேன். உசுரோட இருக்கீங்க.

பொழுதடைய முந்தி வண்டி இருந்தது. ஏறி வந்துட்டேன்.

சாரம்மாள்